ஆவாரம்பூ என்று சொன்னவர்

இதை எழுதுவதற்கென்று ஒரு கொப்பி வாங்கி ஆறு வருசம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. எப்போது பேனையை எடுத்தாலும் என் சம்சாரம் எட்டிப் பார்ப்பாள். "எங்க அண்ணனைப் பத்தியா? அந்த மனுசன் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒரு எழுத்து எழுதப்படாது, சொல்லிப்புட்டேன்" என்பாள். நான் மூடி வைத்துவிடுவேன். அவள் தடுத்ததால்தான் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதுவதற்கு எனக்கே கை வரவில்லை.

நான் எட்டாம் ஆண்டு வரைக்கும் படித்தவன். தேயிலை ஸ்டோரில், ஃபெக்டரி என்பார்களே, அதில் முப்பது வருசம் வேலை செய்துவிட்டு, இப்போது ஒரு பால்மாட்டோடும் ஒரு துண்டு மரக்கறித் தோட்டத்தோடும் இருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் சாட்சியாக நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் "ஓ, அந்தத் தோட்டத்து ஆளா" என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அப்படி ஒருத்தர் உங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் இருப்பார்.

அவர் என் சம்சாரத்தின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தின் மருந்துக் காம்பராவில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவர். என்ன வேலை என்று கேட்டால், போத்தல் கழுவுவது, தரை கூட்டுவது, டாக்டரய்யாவின் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைப்பது. மருந்துக்குப் பக்கத்தில் நின்றே வைத்தியராகிவிட்ட மனுசன் அவர். மணி அடிக்கிறவன் பூசாரியாவது இல்லையா, அந்த மாதிரி. ஓய்வு பெற்று வந்தபோது சட்டைப்பையில் ஒரு பழைய தெர்மாமீட்டரையும் கொண்டு வந்தார். அதில் பாதரசம் ஏறாது. ஆனாலும் பிள்ளைகளின் கக்கத்தில் வைத்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நூத்தியொண்ணு" என்பார். எல்லாப் பிள்ளைக்கும் நூற்றியொன்றுதான். நூற்றிரண்டு ஒருநாளும் வந்தது கிடையாது.

அவர் வாயில் வராத சொல் ஒன்றே ஒன்று: "தெரியாது."

யார் எதைக் கேட்டாலும் உடனே சொல்லமாட்டார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். எதிர்மலையைப் பார்ப்பார். தொண்டையைச் செருமுவார். பிறகு "அது ஒண்ணுமில்லப்பா" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு வருவதை அவரே அந்த நிமிசத்தில்தான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருதடவை நீர்வீழ்ச்சி பார்க்க வந்த வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதி இருவரும் எங்கள் சந்தியில் வழி கேட்டார்கள். சந்தியில் நின்ற நாங்கள் எல்லாரும் கையை விரித்தோம். இவர் துண்டை உதறினார். "யெஸ், யெஸ். ஸ்ட்ரெய்ட்" என்றார். நேராகப் போனால் எங்கள் தோட்டத்துச் சுடுகாடு. முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தபோது இவர் கும்பிட்டு, "குட்?" என்று வேறு கேட்டார்.

இன்னொன்று சொல்கிறேன். மேல் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கத்தில் இருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவருக்கும் வராது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போனார்கள். விரலை வரிவரியாக ஓட்டினார். இரண்டு இடத்தில் நிறுத்தி "ம்ம்" போட்டார். "அது ஒண்ணுமில்லப்பா. ஒங்களுக்கு ஏழு பேர்ச் காணி வந்திருக்கு. வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் வாசல்ல நிக்கணுமாம்."

அந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறையாகச் சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. வெள்ளிக்கிழமை விடிய எழுந்து, குளித்து, சக்கரைப் பொங்கல் வைத்து, பெண்பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போட்டு வரிசையாக வாசலில் நின்றார்கள். ஜீப் வந்தது. இறங்கினவர்கள் நாய் எங்கே என்று கேட்டார்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தவர்கள்.

"என்னண்ணே இது?" என்று வீட்டுக்காரர் அழாத குறையாகக் கேட்டார்.

இவருக்கு ஒரு மயிர் அசையவில்லை. "அது ஒண்ணுமில்லப்பா. முதல்ல நாய்க்கு ஊசி போடுவாங்க. அப்புறமா அளக்க வருவாங்க. அளக்க வர்றவங்கள நாய் கடிச்சுட்டா?"

இதைச் சொல்லிச் சொல்லி ஸ்டோரில் நான் எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை. அவர் மாதிரியே துண்டை உதறி, செருமி, "ஒண்ணுமில்லப்பா" என்பேன். இலை அரைக்கிற மெசின் சத்தத்துக்கும் மேலே சிரிப்பு கேட்கும். வீட்டிலும் செய்து காட்டுவேன். அப்போது என் சம்சாரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தாய் தகப்பன் செத்த பிறகு அவளைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் அவள் பேசி நான் கேட்டதில்லை. அவர் சூரியன் மேற்கே உதிக்கும் என்றால் இவள் மேற்கே பார்த்துப் பல் விளக்குவாள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. லயத்தில் ஒரு பொம்பளைக்கு வலி கண்டால், கிழவன் ஒருத்தன் மூச்சு இழுத்தால், முதல் ஆளாய் வந்து நிற்பவர் அவர்தான். மழையில் கதிரையில் உட்கார வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வாய் சும்மா இருந்திருந்தால் அவரைக் கும்பிட்டிருக்கலாம்.

இனி அந்தப் பூ.

எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே மானாப்புல் மலை. மண் வறண்டது, சரளைக்கல், காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. தை, மாசியில் மழை ஓய்ந்ததும் மஞ்சளாகப் பூத்து மலைமுழுக்க மஞ்சள் தண்ணி தெளித்தது மாதிரி இருக்கும். பூ அவரைப்பூச் சாதி, கிளிமூக்கு மாதிரி வளைந்து இருக்கும். காய் குட்டிப் பலூன் மாதிரி உப்பியிருக்கும். காய்ந்துவிட்டால் உள்ளே விதை கழன்று ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் போடும். சின்ன வயதில் கொத்தாகப் பறித்துக் காலில் கட்டிக்கொண்டு சலங்கை என்று ஆடுவோம். நாங்கள் கிலுக்குச்செடி என்போம். அதற்கு மேல் அதை யாரும் மதித்ததில்லை. என் மாடு மேயப்போனால் சுற்றியிருக்கிற புல்லை மொட்டையடிக்கும், அந்தச் செடியை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும்.

ஆறு வருசத்துக்கு முந்தின மாசித் திருவிழா. கொழும்பில் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் லீவில் வந்திருந்தார்கள். கோயில் முற்றத்தில் கரகம் சோடித்துக்கொண்டிருந்தோம். அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர். ஒரு பிள்ளை அந்த மஞ்சள் மலையைக் கைகாட்டி, "மாமா, அது என்ன பூ? போன்ல போட்டோ எடுத்தேன், பேரு போடணும்" என்றது.

துண்டை உதறினார். மலையைப் பார்த்தார். இந்தத் தடவை பார்ப்பதற்கு அங்கே நிசமாகவே ஒன்று இருந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா. ஆவாரம்பூ."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் "ஆ!" என்று வாயைத் திறந்தார்கள். ஏன் என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்கிற சொல்லு எங்கள் லயத்தில் எல்லார் வாயிலும் இருக்கிறது. எங்கள் பூட்டன்மார் திருச்சிச் சீமையில் இருந்து கப்பலேறி வரும்போது சொல்லைக் கொண்டுவந்தார்கள். செடியைக் கொண்டுவரவில்லை. எங்களில் ஒருத்தரும் ஆவாரையைக் கண்ணால் கண்டதில்லை. சாவை நிறுத்துகிற பூ ஒன்று இருக்கிறது, அது மஞ்சள், அதோடு எங்கள் அறிவு முடிந்தது. தலைக்கு மேலேயே அது பூத்துக் கிடக்கிறது என்று அவர் சொன்னதும், தொலைந்த சொந்தக்காரனைக் கண்டது மாதிரி ஆகிவிட்டார்கள். ஒரு பொம்பளை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் அதோடு விட்டாரா? கூட்டம் சேரச்சேர அவருக்கு அறிவு ஊறும். "சீனி வருத்தத்துக்கு இதைவிட மருந்து இல்ல. பூவைக் காய வச்சு, வெறும் வயித்துல கொதிக்க வச்சுக் குடிக்கணும்." அன்றைக்கே நாலு பேரை அனுப்பிக் கூடை கூடையாகப் பறித்துவரச் சொன்னார். அம்மன் காலடியில் கொட்டி, பூசை முடிந்ததும் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி, உள்ளவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். முதல் ஆளாக மடியை விரித்தவள் என் சம்சாரம். அவளுக்கும் சீனி இருந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியும், அது ஆவாரை இல்லை.

எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தின வருசம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனேன். வெல்லவாயாவைத் தாண்டி, கால் கொப்புளித்துப் போய் ஒரு சிங்களத்து அம்மாவின் கொட்டில் கடையில் உட்கார்ந்தேன். தேத்தண்ணிக்குப் பதிலாக மஞ்சளாக ஒரு கசாயம் கொடுத்தாள். ரணவரா என்றாள். என்ன அது என்று கேட்டதற்குக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ச் செடியைக் காட்டினாள். என்னோடு வந்த சாமி ஒருத்தர் மதுரைப் பக்கம் போய்வந்தவர். "இதுதான்யா நம்ம ஆவாரை" என்றார். இலை புளிய இலை மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கு. பூ விரிந்து ஐந்து இதழ். காய் தட்டை. ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

அன்றைக்குக் கோயில் முற்றத்தில் "மச்சான், அது இல்ல இது" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மன் முன்னால் வைத்ததை அபசகுனமாகப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நிசம் என்னவென்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். நாய் ஊசிக் கதைக்குப் பிறகு பெரிதாக ஒன்று கையில் கிடைத்திருக்கிறது, எல்லாரும் குடித்துக் கொஞ்ச நாள் போகட்டும், சீனி இறங்கவில்லை என்று அவர்கள் வாயைப் பிளக்கும்போது எடுத்து விடுவோம், அப்போது இவர் துண்டை எங்கே உதறுகிறார் பார்ப்போம் என்று நினைத்தேன். புல்லில் முளைத்த பூ, என்ன செய்துவிடப்போகிறது? அதுதான் என் கணக்கு.

மாட்டைப் பற்றி மட்டும் ஒருநாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், மாடே அதைத் தின்ன மாட்டேங்குது."

"மாப்ள, ஒங்க மாட்டுக்குச் சீனி வருத்தமா? அதுக்கு எதுக்கு மருந்து?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு தடவையாவது அவர் பகிடி நன்றாக இருந்தது. எனக்கு அது வலித்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

மற்றவர்கள் பத்து நாளில் கசப்பு தாங்காமல் விட்டுவிட்டார்கள். என் சம்சாரம் விடவில்லை. அண்ணன் கொடுத்தது, அம்மன் பிரசாதம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் முன்னால் ஒரு கோப்பை. கொடுத்தது தீர்ந்ததும் தானே புல்மலைக்கு ஏறிப் பறித்துக் காய வைத்தாள். மாசி, பங்குனி, சித்திரை.

கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பனி ஈரம் படாமல் இடுப்பில் ஒரு முரட்டுப் படங்குத் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவார்கள். ஒரே கயிறு, ஒரே முடிச்சு, வருசக்கணக்காக அதே இடத்தில். வைகாசியில் ஒருநாள் அந்த முடிச்சு எட்டவில்லை. கூட நின்ற பெண்கள் கேலி செய்தார்கள். "என்னக்கா, அம்பத்திரண்டு வயசுல மாமன் கில்லாடிதான்!" "மசக்கைக்கு மாங்கா கொண்டாரவா?" இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு பறைமேளம் மாதிரி ஆகிவிட்டது.

பதுளைக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வாட்டு. அவரும் வந்தார். சிங்கள டாக்டர் கேட்பதை ஒரு முஸ்லிம் நர்ஸ் மிஸ் தமிழில் சொன்னார்.

"அம்மா, சாராயம் குடிப்பீங்களா?"

என் சம்சாரம் காதைப் பொத்திக்கொண்டாள். செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா? ஈரலில் ஏதோ கோளாறு, அதற்காகக் கேட்கிறோம் என்று மிஸ் சமாதானம் சொன்னார். "நாட்டு மருந்து, கசாயம் ஏதாச்சும் எடுத்தீங்களா?"

அவள் வாயைத் திறக்கும் முன் இவர் துண்டை உதறினார். "அது ஒண்ணுமில்ல மிஸ். ரணவரா." சிங்களப் பெயர் எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார். டாக்டர் எழுதிக்கொண்டு தலையை ஆட்டினார். ரணவராவை நாடு முழுக்கக் குடிக்கிறார்கள், அதில் என்ன? வேறு எங்கே நோய் என்று தேடப் போனார்.

நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால், அவள் முன்னால், இத்தனை நாள் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாட்டை விட்டு வெளியே வந்தபோது அந்த மிஸ் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். "ஐயா, என்ன காரணம்னு தெரிஞ்சாத்தான் நிப்பாட்ட ஏலும். வேற ஏதும் குடிச்சாங்களான்னு நல்லா யோசிச்சுப் பாருங்க. ஈரல் மோசமாப் போய்க்கிட்டிருக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். தேவாரம் வரவில்லை. விடிந்ததும் புல்மலைக்கு ஏறினேன். பூவும் காயுமாக ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டேன். பூனாகலை வழியாகப் பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு ஒரு பஸ். ஒவ்வொரு வளைவுக்கும் பை கிலுகிலுத்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "பேரப்புள்ளைக்குங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

நான் போனபோது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சிக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். செடியை எடுத்து டாக்டர் கையில் கொடுத்து, மிஸ்ஸிடம் சொன்னேன். "இவ குடிச்சது இதுதான். ரணவரா இல்ல. நான் ரணவராவைப் பாத்திருக்கேன்."

டாக்டர் செடியை அவரிடம் நீட்டினார். நீங்கள் கொடுத்தது இதுவா என்று மிஸ் கேட்டார்.

அவர் பார்த்தார். பூவைப் பார்த்தார், காயைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைத் தொட்டார், உதறவில்லை. அந்த நிமிசத்தில் ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கொப்பியை வாங்கியே இருக்கமாட்டேன்.

"இது இல்ல மிஸ்" என்றார். "இது ஏதோ களை. நான் குடுத்தது ஆவாரை. மாப்ளைக்கு என்மேல எப்பவும் ஒரு இது. எதையோ புடுங்கிட்டு வந்து நிக்கிறாரு."

தங்கச்சியின் உசிரைவிட அந்த ஒரு சொல் அவருக்குப் பெரிதாகிவிட்டது. டாக்டர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் மிச்சம் இருந்ததோ அடையாளம் தெரியாமல் கருகிய பூத்தூள்.

அப்போது என் சம்சாரம் கையை நீட்டினாள். செடியை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நுனியைத் தடவி, பூங்கொத்தை ஒரு கிள்ளுக் கிள்ளினாள். முப்பத்தைந்து வருசம் கொழுந்து கிள்ளின விரல்.

"இதுதான்" என்றாள். "அண்ணே, நீங்க ஒரு நாள்தானே குடுத்தீங்க. பொறவு பறிச்சதெல்லாம் நானு. காம்பு ஒடியிற ஒடி எனக்குத் தெரியாதா?"

அண்ணனுக்கு எதிராக அவள் பேசினதை நான் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன். அவர் உரித்த தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். காயை ஆட்டிப் பார்த்ததுமே முகம் மாறியது. இந்தச் சாதிச் செடிகள் ஈரலுக்கு நஞ்சு, மாடு தின்றாலும் சாகும் என்று மிஸ் எங்களுக்குச் சொன்னார். கசாயத்தை நிறுத்தியாயிற்று. வயிற்றுத் தண்ணி வற்ற மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் அந்த வாட்டில் கிடந்தாள். அம்மன் கிருபையால் பிழைத்தாள். ஆனால் மறுபடி மலை ஏறவில்லை, கூடையைத் தோளில் போடவில்லை. இன்றைக்கும் உப்பில்லாத சோறுதான்.

செடியைக் காட்டின அன்றைக்கே, வாட்டுக்கு வெளியே நடையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். குரல் இறங்கியிருந்தது. "மாப்ள, எல்லாரும் என்னத் தேடித்தானே வர்றாங்க. கேட்டு வந்தவங்கள ஒண்ணுமில்லாம எப்படித் திருப்பி அனுப்புறது? வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோட அனுப்புற மாதிரி இல்லையா?"

அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு, "வெறுங்கையோட அனுப்பியிருந்தா அவ கூடையோட நடந்திருப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து லயம் லயமாக ஏறி இறங்கி, அந்தப் பூ யாரிடமாவது மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன். பலர் கொட்டினார்கள். சிலர், "ஒங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாதே" என்றார்கள். நான் அவரைச் செருமிக் காட்டிச் சிரிக்க வைத்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். இத்தனை வருசம் பகிடி பண்ணினவன் ஒருநாள் நிசத்தைச் சொன்னால் அதுவும் பகிடியாகத்தான் போகும்.

அவர் சும்மா இருந்தாரா? இரண்டு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டார். சந்தியில் நின்று சொல்லத் தொடங்கினார். "என் தங்கச்சியை டாக்டர்மாரே கைவிட்டுட்டாங்க. அவ உள்ளுக்குள்ள அந்த ஆவாரம்பூ இருந்ததாலதான் தாக்குப் புடிச்சா. ஆவாரை பூத்திருக்க சாவாளா?" இதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. என் சம்சாரம்தான், "விடுங்க, யாரு நம்பப்போறா" என்றாள்.

போன ஐப்பசியில் அவர் நெஞ்சுவலியில் செத்தார். வீட்டு வாசலில் பெட்டியை வைத்து, ஒரு பிரமுகர் மைக்கைப் பிடித்து, "தன் தங்கையின் உயிரை ஆவாரம்பூ கொடுத்து மீட்ட அண்ணன்" என்று பேசினார். தங்கை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதாள். அது எதற்கு அழுத அழுகை என்று நான் கேட்கவில்லை.

போன மாதம், ஒரு பகல் பதினொரு மணி இருக்கும், மடுல்சீமைப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாலு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் மடித்த வெற்றுச் சாக்கு.

"செத்த வீட்டுக்கு வந்த எங்க சின்னம்மா சொன்னாங்க. உசுரு பொழைக்க வச்ச பூ ஒங்க மலையிலதான் இருக்காமே. எங்க வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம், கால்ல ஒரு விரல் எடுத்துட்டாங்க. ஒரு சாக்கு பறிச்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேங்க."

என் சம்சாரம் அவளை உள்ளே கூப்பிட்டாள். தண்ணி கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வந்தவளால் முழுதும் நம்ப முடியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க செடியைப் பாத்தவரு. தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீங்க?" என்றாள்.

என் சம்சாரம் இந்த ஆறு வருசத்தில் அதை என்னிடம் கேட்டதே இல்லை. அவளும் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவதைப் பார்க்கக் காத்திருந்தேன் என்று சொன்னேன்.

அந்தப் பெண் சாக்கைச் சின்னதாக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். அவளைச் சந்தி வரைக்கும் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கொப்பி மேசைமேல் இருந்தது, பேனை அதன்மேல். "எழுதுங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போடவும் இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். மாசி வரப்போகிறது, மலை மறுபடி மஞ்சளாகும், இன்னொரு பெண் சாக்கோடு எங்கேயாவது பஸ் ஏறுவாள். அவள் காதுக்கு இது போய்ச்சேர வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரி கூட்டாதீர்கள், ஒரு வரி குறைக்காதீர்கள். அவரை இன்னும் மோசமாக்க வேண்டாம், நல்லவராக்கவும் வேண்டாம். முக்கியமாக நான் கோயில் முற்றத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற இடத்தை விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால், அவர் சந்தியில் நின்று சொன்ன கதையைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.